அரைக் கட்டை ஏத்துங்க... கொங்குல ஒரு கிடார் ரவுண்டு!

ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில ஒரு கிடார் தூங்குதா? ஃபர்ஸ்ட் இயர்ல ஆசையா வாங்கி, எஃப் கார்டு பிடிக்க வராம விரல் நுனி பழுத்து, செகண்ட் இயர்ல துண்டு காயப்போடற ஸ்டாண்டா புரமோஷன் வாங்கின அதே கிடார்தான். வெளிய எடுங்க. தூசி தட்டுங்க. ரெண்டு நாள் லீவு, ஒரு கேப்போ, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் கொஞ்சம் சில்லறை... போதும். கொங்கு நாட்டை ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம்.

கோயமுத்தூர், ஊட்டி, காங்கேயம், கொடுமுடி. இதான் ரூட். 'ஊட்டியா? போன மாசம்தானே போனோம்'னு முகத்தைச் சுளிக்காதீங்க. இந்த டூர்ல பொட்டானிகல் கார்டன் கிடையாது, போட்டிங் கிடையாது. ஒவ்வொரு ஊர்லயும் கிடாரோட சுருதி மாறும். சில ஊர்ல நீங்க மாத்துவீங்க. ஒரு ஊர்ல அந்த ஊரே மாத்திடும்!

ஆரம்பம் கோயமுத்தூர்தான். டவுன்ல எந்த மியூசிக் கடைக்குள்ள நுழைஞ்சு 'கேப்போ'ன்னு கேட்டாலும் எடுத்து முன்னால வைப்பாங்க. துணி காயப்போடற கிளிப்புக்குப் பெரியண்ணன் மாதிரி ஒரு சமாசாரம். ஸ்பிரிங் உண்டு, கிடார் கழுத்தைக் கவ்வற இடத்துல ரப்பர் உண்டு. அவ்ளோதான். இத்தாலிய மொழியில இதோட முழுப் பேரு கேப்போடாஸ்டோ. அது ஆறு தந்தியையும் ஒரே நேரத்துல அமுக்கிப் பிடிச்சுக்கும். தந்தி நீளம் குறையும், சுருதி ஏறும். ஒரு ஃப்ரெட் தள்ளிப் போட்டா அரை ஸ்வரம் மேல. அதிர்வு எண் கணக்குல சொன்னா சுமார் 6 சதவீதம். 12-வது ஃப்ரெட்டுல தந்தி சரிபாதி ஆகி, சுருதி ரெட்டிப்பு ஆகிடும். சாதாரண கிடார்ல அதிரற தந்தி நீளம் சுமார் 648 மில்லிமீட்டர். 5-வது ஃப்ரெட்டுல கேப்போ போட்டீங்கன்னா மிச்சம் 485 சொச்சம்தான். இஞ்சினியரிங் பசங்க ஸ்கேல் வச்சு அளந்து பார்த்துக்கலாம்.

கேப்போ வாங்கக் காசு இல்லையா? ஒரு பென்சில், ஒரு எலாஸ்டிக். பென்சிலைத் தந்திக்குக் குறுக்க வச்சு, ரெண்டு முனையிலயும் எலாஸ்டிக்கை மாட்டி, கழுத்துக்குப் பின்னால இழுத்துக் கட்டினா வேலை முடிஞ்சது. பனியன் பட்டை எலாஸ்டிக்குக்கு உலகத்துல எங்க பஞ்சம் வந்தாலும் திருப்பூர் இருக்கிற ஜில்லாக்கள்ல வராதுங்க. என்ன, ஒரு பாட்டு முடியறதுக்குள்ள பென்சில் நழுவி மடியில விழும். அதையும் சேர்த்து ரசிக்கணும்.

இப்ப ஒரு சீன். நீங்க எல்லாரும் பார்த்ததுதான். கல்ச்சுரல்ஸுக்கு லைட் மியூசிக் டீம் எடுக்கறாங்க. ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு தயங்கித் தயங்கி உள்ள வர்றா. பாட வந்த பாட்டு சினிமாவுல ஆண் குரல். கிடார் வச்சிருக்கிற சீனியருக்கு அந்தப் பாட்டு ஒரே ஒரு ஸ்கேல்லதான் தெரியும். 'அதே ஸ்கேல்ல பாடும்மா'ங்கறார். பல்லவி கீழ இறங்குது, குரலுக்குப் பதிலா காத்து வருது. ஒரு ஆக்டேவ் மேல எடுத்தா சரணத்துல கிறீச்சுங்குது. பேப்பர்ல அவ பேருக்கு நேரா 'வாய்ஸ் பத்தலை'ன்னு எழுதிடறாங்க. அடுத்த ஆள்!

எழுதினது என்னவோ அந்தப் பொண்ணோட குரலைப் பத்தின மார்க் மாதிரித்தான் தெரியும். உண்மையில அது கிடார்காரரோட இடது கைக்குப் போட்ட மார்க். ஒரு ஸ்கேலைத் தாண்டி அந்தக் கை நகரலை, அதனால ஒரு குரல் வீட்டுக்குப் போயிடுச்சு. வருஷா வருஷம் இப்படி எத்தனை காலேஜ்ல எத்தனை பேர் வீட்டுக்குப் போறாங்களோ!

இதுக்கு மருந்து நம்ம ஆளுங்ககிட்ட ரொம்ப நாளா இருக்கு. 'கட்டை'ன்னு பேரு. ஆர்மோனியத்துல சி-ங்கற வெள்ளைக் கட்டை 1 கட்டை. டி 2, இ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. நடுவுல வர்ற கறுப்பு எல்லாம் ஒன்றரை, ரெண்டரை, நாலரை, அஞ்சரை, ஆறரை. மூணரைக் கட்டைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. யாராச்சும் 'நான் மூணரைக் கட்டையில பாடுவேன்'னு பீலா விட்டா சிரிச்சுக்கிட்டே நகர்ந்துடுங்க. பொதுவா ஆண் குரல் 1-லிருந்து 2 கட்டைக்குள்ள நிக்கும். பெண் குரல் 5-லிருந்து 6. அதான் டூயட் பாடறப்ப ரெண்டு பேர்ல ஒருத்தர் எப்பவும் கஷ்டப்படறாங்க.

கேப்போவைக் கட்டைக் கணக்குல படிச்சுப் பாருங்க, கதவு திறந்த மாதிரி இருக்கும். சி ஷேப்புல கார்டு பிடிக்கத் தெரியுமா? கேப்போ இல்லாம வாசிச்சா 1 கட்டை. 2-வது ஃப்ரெட்டுல கேப்போன்னா 2 கட்டை. 5-வதுல 4 கட்டை. 7-வதுல 5 கட்டை. ஜி ஷேப்புன்னா வெறுமனே 5 கட்டை, முதல் ஃப்ரெட்டுல அஞ்சரை, ரெண்டாவதுல 6. விரலுக்குப் புதுசா எந்த வேலையும் இல்லை. எஃப் கார்டு கண்ணுலயே படாது.

இன்னும் ஒரு தந்திரம் இருக்கு, இதை மட்டும் நோட்டுல எழுதி வச்சுக்கங்க. கேப்போவை 4-வது ஃப்ரெட்டுல போடுங்க. ஏ ஷேப்புல வாசிச்சா ஒன்றரைக் கட்டை வரும், பையன் பாடலாம். கேப்போவை அசைக்காம இ ஷேப்புக்கு வாங்க. அஞ்சரை! பொண்ணு பாடலாம். ஒரே பாட்டு, ஒரே கேப்போ, ரெண்டு பேருக்கும் தொண்டை பத்திரம். ஆடிஷன்ல இது ஒரு நிமிஷ வேலை.

கிளம்பறதுக்கு முன்னால சிங்காநல்லூர் பக்கம் திருச்சி ரோட்டை ஒரு பார்வை பார்த்துட்டுப் போங்க. சினிமாவுக்கு மெட்ராஸ்தான்னு நினைக்கறவங்களுக்குத் தெரியாத விஷயம்... சென்ட்ரல் ஸ்டூடியோ இங்கதான் இருந்துச்சு. எம்.ஜி.ஆர். கதாநாயகனா வந்த 'ராஜகுமாரி' (1947) ஜூபிடர் பிக்சர்ஸ்காரங்க இங்க எடுத்த படம். இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு. அந்த ஜூபிடர்ல எடுபிடி வேலை பார்த்துக்கிட்டே ஆர்மோனியத்துல கை பழகின ஒரு பாலக்காட்டுப் பையன்தான் பின்னாடி மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன். பாட வர்றவங்களுக்கு எந்தக் கட்டை ஒத்துவரும்னு பார்த்து ஆர்மோனியத்துல கை வைக்கறதுதான் அந்த வேலையோட அரிச்சுவடி. ஸ்டூடியோ இப்ப இல்லை. கிடார்னு வந்தாலும் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. தமிழ்நாட்டுல கிடார் தொட்டவன் எல்லாம் ஒரு தடவையாவது வாசிச்சுப் பார்க்கற 'இளைய நிலா' இருக்கே, அது வந்த 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தோட தயாரிப்பாளர் பேரைப் பாருங்க. கோவைத்தம்பி!

இப்ப மேட்டுப்பாளையம். காலையில 7 மணி வாக்குல கிளம்பற மலை ரயில்ல டிக்கெட் கிடைச்சா நீங்க போன ஜென்மத்துல புண்ணியம் பண்ணினவர். கிடைக்கலைன்னா பஸ்தான், அது பாட்டுக்கு வளைஞ்சு வளைஞ்சு போகும். ரயில்ல கிடாரை மடியில நிமிர்த்தி வச்சுக்கங்க. படுக்க வைக்க இடம் கிடையாது. 46 கிலோமீட்டர் ஏற சுமார் 5 மணி நேரம். 208 வளைவு, 16 குகை, 250 பாலம். கல்லாறு தாண்டினதும் தண்டவாளத்துக்கு நடுவுல பல் வச்ச இரும்புப் பட்டை வரும். எஞ்சினோட பல் சக்கரம் அதைக் கவ்விக்கிட்டுத்தான் ஏறும். ஏத்தம் 12.28 அடிக்கு ஒரு அடி. குன்னூர் வரைக்கும் 1899-லயும், ஊட்டி வரைக்கும் 1908-லயும் போட்ட லைன். 2005-ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க.

இவ்ளோ மெதுவா போற வண்டியில ஒரு பரிசோதனை பண்ணலாம். மேட்டுப்பாளையம் ஸ்டேஷன்ல வேர்க்க வேர்க்க உட்கார்ந்து, போன்ல இருக்கிற ட்யூனரை வச்சு ஆறு தந்தியையும் கச்சிதமா சேர்த்துடுங்க. பிருடையைத் தொடாதீங்க. குன்னூர்ல மறுபடி ட்யூனரை வச்சுப் பாருங்க. முள் வலது பக்கம் சாஞ்சிருக்கும். சுருதி ஏறியிருக்கும்! ஊட்டிக்குப் போனா இன்னும் கொஞ்சம்.

ஏன்? குளிர்ல எஃகுத் தந்தி சுருங்கப் பார்க்கும். ஆனா ரெண்டு முனையும் கட்டிக்கிடக்கு, சுருங்க வழியில்லை. அதனால விறைப்பு கூடும், சுருதி ஏறும். கூடவே பனிமூட்டத்து ஈரத்தைக் குடிச்சு கிடார் மரம் லேசா உப்பும். அதுவும் தந்தியை இழுக்கும். கடல் மட்டத்துலேருந்து 2,240 மீட்டர் உயரத்துல இருக்கிற ஊர், உங்க கிடார்கிட்ட 'நான் வேற'ன்னு சொல்ற விதம் அது. கீழ இறங்கினா எல்லாம் தலைகீழ். வெயில்ல தந்தி நீளும், சுருதி இறங்கும். அதனாலதான் கோயமுத்தூர்ல சேர்த்த கிடாரை ஊட்டி கல்ச்சுரல்ஸ் மேடையில அப்படியே தூக்கி வாசிச்சா, கீபோர்டும் கிடாரும் மாமியார் மருமகளா நிக்கும்.

இன்னொண்ணு. பஸ்ல போனா டிரைவர் பக்கத்து பானட் மேல கிடாரை வச்சுடாதீங்க. சூட்டுல பசை இளகி, தந்தி கட்டின பிரிட்ஜ் தூக்கிக்கும். சாதாரணமா ஒரு எஃகுத் தந்தி கிடார்ல ஆறு தந்தியும் சேர்ந்து இழுக்கற இழுவை சுமார் 70 கிலோ. ஒரு ஆள் தொங்கற எடை. பசை அசந்தா அம்போதான்.

ஊட்டியில ஒரு டீ சாப்பிட்டு, கை சூடு ஏறினதும், கேப்போவைக் கழட்டிப் பையில போடுங்க. இப்பத்தான் நிஜமாவே ட்யூனிங்கை மாத்தப் போறோம். வழக்கமா தடிச்ச தந்தியிலேருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ. இதுல முதல் இ, அஞ்சாவது பி, கடைசி இ மூணையும் ஒவ்வொரு முழு ஸ்வரம் தளர்த்துங்க. டி, ஏ, டி, ஜி, ஏ, டி. கிடார்காரங்க இதை எழுத்துக் கூட்டி 'டாட்காட்'னே கூப்பிடறாங்க. 1960-களோட ஆரம்பத்துல டேவி கிரஹாம்னு ஒரு இங்கிலாந்துக்காரர் மொராக்கோவுக்குப் போயிருந்தார். அங்க ஊத்ங்கற வாத்தியம் வாசிக்கறவங்களோட சேர்ந்து வாசிக்க வழி தேடினப்ப பிடிச்ச ட்யூனிங் இது. அப்புறம் லெட் செப்பலினோட ஜிம்மி பேஜ் 1975-ல 'காஷ்மீர்' பாட்டை இதுல போட்டதும் உலகம் பூரா பரவிடுச்சு.

இப்ப அந்த ஆறு தந்தியையும் டி-யை ஸட்ஜமா வச்சு, நம்ம பாஷையில படிங்க. ஸ, ப, ஸ, ம, ப, ஸ. அட! தம்புரா மாதிரி ஸட்ஜமும் பஞ்சமமும் சுத்தி நிக்க, நடுவுல ஒரு மத்யமம். காந்தாரம் மட்டும் இல்லை. அதுதான் இதுல விசேஷம். சாதாரண கார்டுல காந்தாரம் எந்தப் பக்கம்னு முதல்லயே முடிவாகிடும். மேஜரா மைனரா, சந்தோஷமா சோகமான்னு கிடார் சொல்லிடும். டாட்காட்ல அந்த நாற்காலி காலி. பாடறவர் வந்து உட்கார்ந்துக்கலாம். சங்கராபரணமும் பாடலாம், கரகரப்பிரியாவும் பாடலாம். கிடார் குறுக்க நிக்காது.

வெள்ளைக்காரன் மொராக்கோ போய்க் கண்டுபிடிச்சதைத்தான் நாமளும் பண்ணணுமான்னு ஒரு ரோஷம் வரும். வேண்டாம். ட்யூனிங்கை மாத்தற வேலையில நம்ம ஆளுங்க டேவி கிரஹாமுக்குச் சுமார் 150 வருஷம் சீனியர். முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (பிறந்தது 1786) ஐரோப்பியர்கிட்ட வயலின் கத்துக்கிட்டு வந்து கர்நாடக சங்கீதத்துல நுழைச்சார். தஞ்சை நால்வர்ல ஒருத்தரான வடிவேலுவும் அதை வளர்த்தார். அங்க வயலினோட நாலு தந்தி ஜி, டி, ஏ, இ. நம்ம ஊர்ல அதை ஸ, ப, ஸ, ப-ன்னு மாத்திட்டாங்க. வீணையோட வாசிப்புத் தந்தி நாலும் ஸ, ப-தான். அதே கணக்கு. பாடறவர் எந்தக் கட்டையோ அதுக்கு வயலின் இறங்கி வரும், ஏறிப் போகும். கேப்போவே தேவையில்லை. இன்னிக்கு கச்சேரியில வயலின் இல்லாம முடியாதுங்கற நிலைமை எப்படி வந்துச்சுன்னு நினைக்கறீங்க? வாத்தியம் பிடிவாதம் பிடிக்கலை, அதான்.

கிடாரும் அதே பாதையில வந்துக்கிட்டிருக்கு. சுகுமார் பிரசாத் எலெக்ட்ரிக் கிடார்ல கர்நாடக சங்கீதம் வாசிச்சுக் காட்டினார். சென்னை ஐ.ஐ.டி.யில கப்பல் கட்டற படிப்பு படிச்சுட்டு, அமெரிக்காவுல பெர்க்லீக்குப் போய் இசை படிச்ச ஆர்.பிரசன்னா அதை இன்னும் தூரம் கொண்டு போனார். வடக்க விஷ்வ மோகன் பட் கிடாரையே உருமாத்தி மோகன வீணை ஆக்கி, ரை கூடரோட சேர்ந்து 1994-ல கிராமி வாங்கினார்.

தளர்த்தறதுல ஒரு நிம்மதியும் இருக்கு. இ-யை டி-க்கு இறக்கினா அந்தத் தந்தியோட இழுவை 20 சதவீதம் குறையும். விரலுக்கும் சுகம், கிடாருக்கும் சுகம். கனடாப் பாடகி ஜோனி மிட்செலுக்கு 9 வயசுல போலியோ. இடது கையில பலம் குறைஞ்சுபோச்சு. வழக்கமான கார்டு பிடிக்கக் கை ஒத்துழைக்கலை. தந்தியைக் கைக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கிட்டாங்க. ஐம்பதுக்கும் மேல ட்யூனிங்! அவங்க பாட்டுல வர்ற வித்தியாசமான கார்டுகளைக் கேட்டுட்டு இது எந்த ஸ்கூல் தியரின்னு மண்டையைப் பிச்சுக்கிட்டவங்க நிறைய பேரு.

தளர்த்தலாம், ரொம்ப ஏத்த வேண்டாம். ஆறு தந்தியையும் சும்மா தட்டினாலே இ மேஜர் வர்ற ஓப்பன் இ ட்யூனிங்குக்கு மூணு தந்தியை மேல இழுக்கணும். பழைய தந்தின்னா பட்டுனு அறுந்து கன்னத்துல கோடு போடும். அதுக்குப் பதிலா டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி-ன்னு கீழ இறக்கி ஓப்பன் டி வச்சுக்கிட்டு, 2-வது ஃப்ரெட்டுல கேப்போ போடுங்க. அதே ஓப்பன் இ வந்துடும். இறக்கறதும் ஏத்தறதும் சேர்ந்து வேலை செய்யற இடம் இது.

ரெண்டாம் நாள், மலை இறங்கிக் கிழக்கால போகணும். பல்லடம் தாண்டிக் காங்கேயம். பச்சை குறைஞ்சு, செம்மண் ஏறி, கிளுவை வேலி போட்ட கொறங்காடு வரும். காளை பார்த்தா கும்பிட்டுக்கங்க. இந்தப் பக்கத்துப் பேச்சே ஒரு கட்டை இறக்கி வச்ச மாதிரி இருக்கும். 'வாங்க கண்ணு, எங்கிருந்து வர்றீங்க?'ன்னு கேக்கறவர் உங்களைவிட ஐம்பது வயசு மூத்தவரா இருப்பார், ஆனா மரியாதை குறையாது.

காங்கேயம் பக்கத்துல ஓலப்பாளையம்னு ஒரு ஊர். பிரெண்டா பெக்ங்கற மானுடவியல் ஆய்வாளர் 1960-கள்ல இங்க வந்து தங்கி, 1965-ல அண்ணன்மார் கதையை உடுக்கடிக்கிற பாட்டுக்காரர் பாடப் பாட டேப்ல பதிவு பண்ணினாங்க. பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி கதைதான். ராத்திரி ராத்திரியாப் பல நாள் நீண்ட கதை. அதை வச்சு அவங்க எழுதின 'தி த்ரீ ட்வின்ஸ்' புத்தகம் 1982-ல வந்துச்சு. நம்ம தாத்தா பாட்டி விடிய விடியக் கேட்ட கதை வெளிநாட்டுப் பல்கலைக்கழக லைப்ரரியில அலமாரியில இருக்கு. நம்ம காலேஜ் லைப்ரரியில இருக்கான்னு ஒரு நாள் தேடிப் பாருங்களேன்.

கிடார்காரங்க கவனிக்க வேண்டியது அந்த உடுக்கையை. இடுப்பு ஒடுங்கின ஒரு சின்ன வாத்தியம். ரெண்டு பக்கமும் தோல், ரெண்டையும் இணைச்சு ஓடற கயிறு, நடுவுல ஒரு பட்டை. வாசிக்கறவர் இடுப்பை அமுக்கினா கயிறு இறுகும், தோல் விறைக்கும், சுருதி ஏறும். விட்டா இறங்கும். கதையில ஆள் அழுதா உடுக்கை விசும்பும். கோபம் வந்தா உறுமும். ட்யூனிங்கை ஒருதடவை மாத்தி வச்சுட்டு வாசிக்கறது நம்ம வித்தைன்னா, வாசிக்கற ஒவ்வொரு அடியிலயும் மாத்தறது அவங்க வித்தை. ட்யூனர், பிருடை எதுவும் கிடையாது. ஒரு உள்ளங்கைதான்.

பண்டிகை நாள்ல போனீங்கன்னா இன்னொரு காட்சி கிடைக்கும். தப்பட்டை அடிக்கிறவங்க வைக்கோலைப் பத்த வச்சு, தோலை நெருப்புல காட்டிக் காட்டி வாட்டுவாங்க. நடுநடுவுல ஒரு தட்டு தட்டிக் காது கொடுப்பாங்க. சூட்டுல தோலோட ஈரம் போய் இறுகும், சத்தம் கணீர்னு ஏறும். யோசிச்சுப் பாருங்க. வெயில் பட்டா கிடாருக்குச் சுருதி இறங்குது. நெருப்பு பட்டா தப்பட்டைக்கு ஏறுது. ரெண்டு பேரும் ஒரே மேடையில, மத்தியானம் மூணு மணிக்கு வாசிக்கிறதா இருந்தா, ஒருத்தர் நிழலைத் தேடி ஓடுவார், இன்னொருத்தர் அடுப்பைத் தேடி ஓடுவார்! இப்ப நிறைய செட்டுகள்ல ஃபைபர் தோல் வந்துடுச்சு. நெருப்பு வேண்டாம், மழைக்கும் கவலையில்லை. வசதிதான். ஆனா அந்தக் காது கொடுக்கற பழக்கம் குறைஞ்சுதுன்னா, அது எனக்குக் கொஞ்சம் உறுத்துதுங்க.

கொங்குல கும்மியும் உண்டே! வள்ளி ஒயில் கும்மி சொல்லிக் கொடுத்து 2024-ல பத்மஸ்ரீ வாங்கின கோவை மாவட்டத்து எம்.பத்ரப்பனைப் பத்திப் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. ஆம்பளைங்க ஆட்டமா இருந்ததுல பொம்பளைங்களையும் இறக்கி ஆட வச்சவர். கால் அடவு பழக நாள் பிடிக்கும். பாட்டுக்கு? ஆண் குரலுக்குன்னு பழகின பாட்டைப் பெண்கள் எடுத்துப் பாடணும்னா முதல்ல நகர வேண்டியது கட்டைதான். அதே அஞ்சரைக் கணக்கு, நம்ம ஆடிஷன் ஹால்ல பார்த்தோமே, அதுதான்.

காங்கேயத்துலேருந்து வெள்ளகோவில், முத்தூர் வழியா பஸ் பிடிச்சா கொடுமுடி. திடீர்னு காத்துல ஈரம். காவிரி! மகுடேசுவரர் கோயில் வாசல்லேருந்து படித்துறைக்கு இறங்கிடலாம். இந்த ஊர்ல 1908-ல பிறந்தவங்க கே.பி.சுந்தராம்பாள். 'கொடுமுடி கோகிலம்'னு பட்டம். ரொம்ப வறுமை. சின்ன வயசுல ரயில்ல பாடிக்கிட்டிருந்த பொண்ணை யாரோ கேட்டு நாடகக் கம்பெனிக்கு அழைச்சுட்டுப் போனாங்கன்னு ஒரு கதை இந்தப் பக்கம் வழிவழியாச் சொல்வாங்க.

நாடக மேடையில அப்ப மைக் கிடையாது. கடைசி வரிசையில மண்ணுல உட்கார்ந்திருக்கிறவருக்கும் கேக்கணும்னா குரல் உச்சத்துல நிக்கணும். பாடறவங்க எந்தக் கட்டையில உச்சத்துக்குப் போக முடியுமோ அந்தக் கட்டையில ஆர்மோனியம் வந்து நிக்கும். 'என் கைக்கு இந்தக் கட்டைதான் வரும், நீ இறங்கி வா'ன்னு எந்த ஆர்மோனியக்காரர் சொல்லியிருந்தாலும் அடுத்த நாள் வேற ஆளைத் தேடியிருப்பாங்க. பாடகர்தான் டிக்கெட்! சுந்தராம்பாளும் எஸ்.ஜி.கிட்டப்பாவும் ஜோடியாப் பாடின நாடகங்களுக்குக் கூட்டம் அலைமோதுச்சு. கிட்டப்பா 1933-ல காலமானார். வெள்ளைச் சேலைக்கு மாறின சுந்தராம்பாள் 1935-ல 'நந்தனார்' படத்துல ஆண் வேஷம் கட்டி நடிச்சாங்க. சம்பளம் ஒரு லட்ச ரூபாய். அந்தக் காலத்து ஒரு லட்சம்! நந்தனாரா நடிச்சாலும் பாடினது தன் சுருதியிலதான். ஆம்பளை வேஷம்ங்கறதுக்காகக் குரலை இறக்கலை.

படித்துறையில உட்கார்ந்து கிடாரை எடுங்க. வெயில்ல வந்த கிடார், இறங்கியிருக்கும். ட்யூனரைப் பாத்துச் சேருங்க. உங்க கூட வந்தவங்கள்ல 'எனக்கு வாய்ஸ் இல்லப்பா'ன்னு எப்பவும் செல்போன்ல வீடியோ மட்டும் எடுக்கற ஒருத்தர் நிச்சயம் இருப்பாங்க. அவங்களை ஏதாவது ஒரு பாட்டை, கிடார் இல்லாம, தனக்கு வசதியா முணுமுணுக்கச் சொல்லுங்க. முடிஞ்சு நிக்கற ஸ்வரம் எதுன்னு கிடார்ல தேடுங்க. அதான் அவங்க கட்டை. ஜி-க்கும் ஏ-க்கும் நடுவுல சிக்கினா அஞ்சரை. கேப்போ 4-வது ஃப்ரெட், இ ஷேப்பு. இன்னும் சரியா உட்காரலைன்னா ஒரு ஃப்ரெட் மேல, ஒரு ஃப்ரெட் கீழ. மூணு தடவை நகர்த்தினா போதும். சரியான இடம் வந்ததும் பாடறவங்க தோள் தானா இறங்கும், பாருங்க.

சாயங்காலம் ஈரோட்டுப் பக்கம் போற பாசஞ்சரைப் பிடிச்சா ராத்திரிச் சாப்பாட்டுக்குள்ள கோயமுத்தூர் திரும்பிடலாம். ஏறறதுக்கு முன்னால கேப்போவைக் கழட்டிப் பையில போட்டுக்கங்க. ராத்திரி பூரா கழுத்துலயே கவ்விக்கிட்டுக் கிடந்தா அதோட ரப்பர்ல ஆறு தந்தியும் தடம் போட்டுடும், அப்புறம் சரியா அமுக்காது. இன்னிக்கு இறக்கின தந்திகளை இன்னிக்கே பழையபடி ஏத்தணும்னு அவசியம் இல்லை. அப்படியே இருக்கட்டும். அடுத்த ஆடிஷன் எப்பன்னு நோட்டீஸ் போர்டுல பார்த்துட்டு ஏத்திக்கலாம்.